கோடு போட்டால் கப்பல் போகாது

என் அக்கா மகன் பன்னிரண்டாம் வகுப்பு எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். குருவிகுளத்தில் மே மாதத்து மத்தியானம் எப்படி இருக்கும் என்று கரிசல்காட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பருத்திமார் பிடுங்கிய காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். காக்கா கூட வேப்பமர நிழலை விட்டு வெளியே வராது. அந்த நேரத்தில் அவன் திண்ணைத் தூணில் சாய்ந்துகொண்டு போனில் கப்பல் ஓட்டுவான். திரை முழுக்க நீலம். நாலு திசையிலிருந்தும் கப்பல்கள் வரும். விரலால் ஒரு கோடு இழுத்தால் கப்பல் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய்த் துறையில் சேரும். நடுவில் பாறை உண்டு, சுழல் உண்டு, கொள்ளைக்காரர்களும் உண்டு. இரண்டு கப்பல் முட்டினால் ஆட்டம் முடிந்தது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கலாம்.

அந்த விளையாட்டின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரே நேரத்தில் ஆறு கப்பலைக் கண்காணிக்கப் பழகுகிற கண் நல்ல கண்தான். எனக்குக் கோபம் வந்தது அதை வைத்து ஊர் பேசிய பேச்சில். கப்பல் படிப்புப் படிக்கப் போகிறேன் என்று பையன் சொன்னதும் டீக்கடையில் ஒருவர் சொன்னார்: "இனிமே கப்பலுக்கு எதுக்குப்பா ஆளு? இவன் போன்ல ஓட்டுற மாதிரி எங்கிட்டாவது ஆபீஸ்ல உக்காந்து கோடு போட்டு ஓட்டிருவான்." வெளியூரில் நல்ல வேலையில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் அதற்கு மேல் போனார்: "கடல் விபத்துல முக்கால்வாசிக்கு மேல மனுஷன் செய்ற தப்புதான். மனுஷன எடுத்துட்டா தப்பும் போயிரும்." அக்கா பயந்துபோனாள். அன்று இரவு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அந்தப் படிப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

டீக்கடையோடு நிற்கிற பேச்சாக இருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். தொழில்நுட்பக் கம்பெனிகளின் விளம்பரங்களிலும், தொலைக்காட்சி விவாதங்களிலும், காப்பீட்டுக்காரர்களின் அறிக்கைகளிலும் இன்று இதே பேச்சுதான் ஓடுகிறது. எல்லாம் திரையில் தெரிகிறது, திரைக்குத் தெரியாதது கடலில் இல்லை, மனிதன்தான் பலவீனமான கண்ணி என்கிறார்கள். இது தவறு, அதுவும் அடிப்படையிலேயே தவறு என்பதுதான் என் வாதம்.

முதலில் கோட்டை எடுத்துக்கொள்வோம். விளையாட்டில் கப்பல் கோட்டின் மேலேயே போகும். பருத்தி ஏற்றிய பாரவண்டியை இறக்கத்தில் ஓட்டியவனுக்குத் தெரியும், பாரம் மாட்டின் பேச்சைக் கேட்காது. மழை பெய்த கரிசல் பாதையில் டிராக்டரைத் திருப்பியவனுக்கும் தெரியும், சக்கரத்தைத் திருப்புவது வேறு, வண்டி திரும்புவது வேறு. கடலில் பாதையே நகர்கிறது. நிறைபாரம் ஏற்றிய பெரிய எண்ணெய்க் கப்பலை முழு வேகத்தில் இருந்து நிறுத்தச் சில கிலோமீட்டர் ஆகும். சுக்கானைத் திருப்பினால் முதலில் கப்பலின் பின்பக்கம் எதிர்த்திசையில் விலகும், அதன் பிறகுதான் முகப்பு மெல்லத் திரும்பும். ஆழம் குறைந்த இடத்தில் வேகமாகப் போனால் கப்பல் நீரில் இன்னும் கீழே அமிழும். கரையை ஒட்டிப் போனால் பின்பக்கத்தைக் கரை இழுக்கும். பக்கவாட்டில் அடிக்கும் காற்றுக்கு, அடுக்கி வைத்த கண்டெய்னர் சுவர் விரித்த பாய் மாதிரி. கோடு என்பது ஆசை. கப்பல் எங்கே போகும் என்பதை நீரும் காற்றும் பாரமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அவற்றோடு ஒவ்வொரு நிமிடமும் பேரம் பேசுகிறவன்தான் மாலுமி.

இதனால்தான் உலகத்தின் பெரிய துறைமுகங்கள், எவ்வளவு அனுபவம் உள்ள கேப்டன் ஆனாலும், தானே உள்ளே வந்துகொள் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. 1908-ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகச் சட்டம், அதற்கென அறிவிக்கப்பட்ட துறைகளில் 200 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல், அந்தத் துறையின் நீரறிந்து வழிகாட்டும் பைலட்டோ துறைமுக அதிகாரியோ ஏறாமல் நகரக்கூடாது என்றது. கூடவே, பைலட் இருந்தாலும் சேதத்துக்குக் கப்பல்காரனே பொறுப்பு என்றும் எழுதி வைத்தது. கொல்கத்தாவுக்குப் போகும் ஹூக்ளி ஆற்றில் ஒரு மணல்திட்டுக்கு 1694-இல் அங்கே தொலைந்த ஒரு கப்பலின் பெயரே நிலைத்துவிட்டது: ஜேம்ஸ் அண்ட் மேரி. அந்த ஆற்றின் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்றைய வரைபடம் இன்றைக்கு உதவாது என்பதால்தான் அங்கே பைலட் என்பவன் பரம்பரை பரம்பரையாக மதிக்கப்பட்டான்.

தூத்துக்குடிக்குப் போய்ப் பாருங்கள். கடலுக்குள் ஏறத்தாழ நாலு கிலோமீட்டர் நீளும் இரண்டு கல் அலைத்தடுப்புகள். வெளியே நிற்கும் கப்பலை நோக்கி ஒரு சின்னப் படகு போகும். கப்பலின் பக்கச்சுவரில் ஒரு கயிற்று ஏணி தொங்கும். படகு அலையில் மேலே எழும்பி வரும் அந்த ஒரு கணத்தில் பைலட் ஏணியைப் பிடிக்க வேண்டும். முன்னே பிடித்தால் படகு எழும்பி வந்து காலை நசுக்கும், பின்னே பிடித்தால் கை எட்டாது. ஒன்பது மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருந்தால் கயிற்றேணியோடு சாய்வுப் படிக்கட்டையும் சேர்த்துப் போட வேண்டும் என்பது சர்வதேச விதி. விழுந்து செத்தவர்கள் இருப்பதால் வந்த விதி அது. இத்தனையும் எதற்கு? திரையில் எல்லாம் தெரிகிறது என்றால் ஒரு மனிதன் ஏன் உயிரைப் பணயம் வைத்து அந்த ஏணியில் ஏற வேண்டும்?

அடுத்தது, திரைக்குத் தெரியாதது கடலில் இல்லை என்ற நம்பிக்கை. 2013 ஜனவரி 17 அன்று அமெரிக்கக் கடற்படையின் கார்டியன் என்ற கண்ணிவாரிக் கப்பல் பிலிப்பைன்ஸின் டுபட்டாஹா பவளப்பாறையில் ஏறி நின்றது. அதன் மின்னணு வரைபடத்தில் அந்தப் பாறை அது இருக்கும் இடத்திலிருந்து சுமார் எட்டு கடல்மைல் தள்ளி வரையப்பட்டிருந்தது. கப்பலை மீட்க முடியாமல் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுத்தார்கள். 2017 ஜூனில் கருங்கடலில் போன இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களின் ஜிபிஎஸ், அவை கரைக்குள் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது. யாரோ பொய்ச் சமிக்ஞை அனுப்பியிருக்கிறார்கள். சன்னல் வழியாக வெளியே பார்த்த மாலுமிக்குத் தண்ணீர் தெரிந்தது. ஆள் இல்லாத கப்பலில் சன்னல் வழியாகப் பார்ப்பது யார்?

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ராயல் மெஜஸ்டி என்ற உல்லாசக் கப்பலின் கதை. பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் போனது. கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஜிபிஎஸ் ஆன்டெனாவின் ஒயர் கழன்றுவிட்டது. கருவி நின்றுபோயிருந்தால் நல்லதாகப் போயிருக்கும். அது நிற்கவில்லை. கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து வேகத்தையும் திசையையும் வைத்து, இங்கேதான் இருக்கிறோம் என்று தானே கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. அப்படிக் காட்டுகிறேன் என்பதற்கு அடையாளமாகத் திரையின் ஓரத்தில் இரண்டு சின்ன எழுத்துகள். அவ்வளவுதான். காற்றும் நீரோட்டமும் கப்பலைத் தள்ளிக்கொண்டே போயின. ஒன்றரை நாள் கழித்து, 1995 ஜூன் 10 இரவு, நான்டக்கெட் தீவுக்கு அருகே மணல்திட்டில் தட்டி நின்றபோது கப்பல் தன் பாதையிலிருந்து 17 மைல் விலகியிருந்தது.

அதற்குச் சற்று முன்னால் நடந்ததைக் கவனியுங்கள். காவல் நின்ற மாலுமிகள், உயரத்தில் சிவப்பு விளக்குகள் தெரிகின்றன என்றார்கள். பிறகு நேர் எதிரே நீலமும் வெள்ளையுமாகத் தண்ணீர் தெரிகிறது என்றார்கள். ஆழமில்லாத இடத்தில்தான் தண்ணீர் அப்படி நிறம் மாறும். சரி சரி என்று கேட்டுக்கொண்ட அதிகாரி திரையைப் பார்த்தார். திரையில் கப்பல் கோட்டின் மேலேயே இருந்தது. கண் உண்மையைச் சொன்னது, கருவி பொய் சொன்னது, கருவி ஜெயித்தது. இதையும் புள்ளிவிவரக்காரர்கள் மனிதத் தவறு என்ற பெட்டியில்தான் போடுவார்கள். சரி, மனிதத் தவறுதான். திரையை நம்பிய தவறு. அதற்கு மருந்தாக, சந்தேகப்பட்ட இரண்டு கண்களையும் எடுத்துவிட்டுத் திரையை மட்டும் வைத்துக்கொள்வோம் என்றால் அது எந்த ஊர் வைத்தியம்?

கடல் விபத்துகளில் 75 முதல் 96 விழுக்காடு மனிதத் தவறு என்ற கணக்கைக் காப்பீட்டு உலகம் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறது. எங்கள் சொந்தக்காரர் சொன்னதும் அதைத்தான். அந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அது நடந்த விபத்துகளை மட்டும் எண்ணுகிறது. நடக்காமல் போன விபத்துகளை எண்ண யாரும் இல்லை. நடுராத்திரியில் எஞ்சின் சத்தம் மாறியதைக் கேட்டு எழுந்து ஓடிய எஞ்சினியர், பனியில் விளக்கில்லாமல் நின்ற மீன்பிடி வள்ளத்தைப் பார்த்துச் சுக்கானைத் திருப்பிய மூன்றாம் அதிகாரி, வரைபடத்தில் இருந்த ஆழம் எக்கோ சவுண்டரில் இல்லையே என்று வேகத்தைக் குறைத்த கேப்டன், இவர்கள் காப்பாற்றிய கப்பல்கள் எந்தப் புள்ளிவிவரத்தில் இருக்கின்றன? களை எடுக்க வந்தவள் எத்தனை செடியை மிதித்தாள் என்று மட்டும் எண்ணிவிட்டு, களையெடுப்பால்தான் பயிர் சாகிறது என்று சொன்னால் கரிசல்காட்டில் ஒருவராவது ஒப்புவாரா?

டாலி என்ற கப்பலை நினைத்துப் பாருங்கள். 2024 மார்ச் 26, விடியாத நேரம், அமெரிக்காவின் பால்டிமோர். ஏறத்தாழ 300 மீட்டர் நீளமான அந்தக் கண்டெய்னர் கப்பலில் மின்சாரம் போய்விட்டது. வந்தது, மறுபடி போனது. பாலத்தின் தூண் நேரே எதிரில். கையில் இருந்தது ஏறத்தாழ நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்தில் பைலட் நங்கூரத்தைப் போடச் சொன்னார், இழுவைப் படகைக் கூப்பிட்டார், பாலத்தை மூடச் சொல்லித் தகவல் அனுப்பினார். இரண்டு பக்கமும் போலீஸார் வண்டிகளை நிறுத்தினார்கள். கப்பல் மோதிப் பாலம் சரிந்தபோது, மேலே சாலையில் குழி அடைத்துக்கொண்டிருந்த வேலையாட்களில் ஆறு பேர் இறந்தார்கள். அந்த ஆறு பேரையும் காப்பாற்ற முடியவில்லை என்ற துக்கம் தீராது. ஆனால் பாலத்தில் ஏறாமல் நிறுத்தப்பட்ட அந்தக் கார்களுக்குள் இருந்தவர்கள் இன்று உயிரோடு இருப்பது, மின்சாரம் போன கப்பலில் மனிதர்கள் இருந்ததால். பிறகு விசாரித்தபோது காரணம் என்னவென்று வந்தது? சரியாகச் செருகப்படாத ஒரு ஒயர். ராயல் மெஜஸ்டியில் ஒரு ஒயர், 29 வருஷம் கழித்து டாலியில் ஒரு ஒயர். ஒயர் கழன்றால் அதைத் தேடிப் பிடிக்க விரல் வேண்டும். விரல் இருக்க ஆள் வேண்டும்.

அந்த டாலியின் மாலுமிகள் 21 பேரில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கைக்காரர். மோதிய பிறகு வாரக்கணக்கில் அவர்கள் கப்பலை விட்டு இறங்க முடியவில்லை. விசாரணைக்காக அவர்களுடைய போன்களை வாங்கிக்கொண்டு போனார்கள். சூயஸில் சிக்கிய எவர் கிவனிலும் மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். கால்வாயை அடைத்த கப்பல் என்று உலகமே சிரித்துக்கொண்டிருந்தபோது அவர்கள் உள்ளே இருந்தார்கள். கப்பல் விடுபட்ட பிறகும் 2021 ஜூலை வரை நஷ்டஈட்டு வழக்கில் அந்தக் கப்பல் அங்கேயே பிடித்து வைக்கப்பட்டிருந்தது. மனிதத் தவறு என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல் யார் தலையில் போய் விழுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் நம் ஊர் மாதிரி ஒரு ஊரில் கடன் வாங்கிப் படித்துவிட்டுப் போன பையன் தலையில்.

எதிர்த்தரப்பு சொல்வதில் நியாயம் இருக்கும் இடத்தை மறைக்க நான் விரும்பவில்லை. எவர் கிவனில் பைலட் இரண்டு பேர் இருந்தும் அது குறுக்கே செருகியது. 2020 ஜூலையில் மொரீஷியஸ் பவளப்பாறையில் ஏறிய வகாஷியோ, போனுக்கு சிக்னல் கிடைக்கட்டும் என்று கரைக்கு மிக அருகே போனது. அதை யாரும் நியாயப்படுத்த முடியாது. 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் துறைமுகத்துக்குச் சுமார் இரண்டு கடல்மைல் வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. எதிரே வரும் கப்பலைக் காட்டும் ரேடார் கப்பலில் இல்லாமல் போகவில்லை. சென்னைக் கரையெங்கும் எண்ணெய் அப்பியபோது வாளி வாளியாக அதை அள்ளியதும் மனிதர்கள்தான். இவையெல்லாம் மனிதர்கள் செய்த தவறுகள். ஆனால் ஒவ்வொன்றிலும் கருவி பக்கத்திலேயே இருந்தது. வகாஷியோவில் தூரத்துக் கடலுக்கான வரைபடத்தை வைத்துக்கொண்டு கரையோரம் போனார்கள். அந்த அளவில் பாறையின் விவரம் தெரியாது. போனில் படத்தைச் சின்னதாக்கினால் தெரு மறைந்து ஊர் மட்டும் தெரியுமே, அந்த மாதிரி. திரையில் என்ன தெரியாது என்று தெரிந்தவன் இல்லாததுதான் அங்கே குறை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். அந்தத் தவறைச் செய்தவன் அன்று எத்தனை மணி நேரம் தூங்கியிருந்தான்? 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வு என்கிறது சர்வதேச விதி. அதிகாரிகள் குறைவாக உள்ள கப்பல்களில் ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு என்று மாதக்கணக்கில் ஓடும். சாப்பாடு, குளியல், எழுத்து வேலை எல்லாம் அந்த ஓய்வுக்குள்தான். ஆளைக் குறைத்து, மிச்சமிருப்பவனைத் தூங்கவிடாமல் செய்து, அவன் கண்ணயர்ந்தால் மனிதன் நம்பத்தகாதவன் என்று சொல்வது அநியாயம்.

ஆளில்லாக் கப்பலே வந்துவிட்டதே என்பார்கள். ஆளில்லாமல் ஓடுவதற்கென்று கட்டிய யாரா பிர்க்லாண்ட் நார்வேயில் ஓடுகிறது, உண்மைதான். 80 மீட்டர் கப்பல், உள்நாட்டுக் கடற்கழியில் குறுகிய தூரம். நல்ல முயற்சி. அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கக் கிளம்பிய மேபிளவர் என்ற ஆளில்லாக் கலம் 2021-இல் ஒரு சின்ன இயந்திரக் கோளாறால் பாதியில் திரும்பியது. 2022-இல் வாஷிங்டன் போக வேண்டியது, வழியில் கோளாறு பார்க்க அசோரஸ் தீவுக்கு ஒதுங்கி, கடைசியில் கனடாவின் ஹாலிபாக்ஸில் போய்ச் சேர்ந்தது. கலம் நல்ல கலம்தான். ஸ்பானர் பிடிக்க ஒரு கை அதில் இல்லை.

இனி எங்கள் ஊர்க்காரர்களுக்கு. கடல் கடற்கரைக்காரன் சமாச்சாரம், கரிசல்காரனுக்கு எதற்கு என்று அக்காவிடம் சொன்னவர்களும் உண்டு. ஒரு காலத்தில் சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துப் பருத்தி மாட்டுவண்டியில் தூத்துக்குடிக்குப் போய் அங்கிருந்து கப்பல் ஏறியது. லிவர்பூல் சந்தையில் திருநெல்வேலிப் பருத்தி என்று தனிப் பெயரே இருந்தது. நம் மானாவாரிக் காட்டு நிலாவாரை இன்றும் வெளிநாட்டு மருந்துச் சந்தையில் டின்னவேலி சென்னா. அப்போது தூத்துக்குடியில் பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாது, ஆழம் கிடையாது. சில மைல் தள்ளி நிற்கும். மூட்டையை அங்கே கொண்டு சேர்த்தவை தோணிகள், அவற்றை ஓட்டியவர்கள் தண்டல்கள். அந்தத் தண்டலின் கண்ணும் கையும் இல்லையென்றால் நம் தாத்தாக்களின் பருத்திக்கு விலை கிடைத்திருக்காது. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி. பிறந்ததும் ஓட்டப்பிடாரத்துக் கரிசலில்தான்.

பையனை நான் பாம்பனுக்குக் கூட்டிப்போனது சில வருஷங்களுக்கு முன்னால், பழைய தூக்குப்பாலம் இயங்கிய காலத்தில். 1914-இல் திறந்த பாலம். வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் விசைப்படகுகளும் ஒரு பெரிய மிதவையும் காத்துக்கிடந்தன. ஆட்கள் சேர்ந்து நெம்புகோலைச் சுற்றச் சுற்ற, இரும்புப் பாலம் இரண்டாகப் பிளந்து மெல்ல எழும்பியது. அது வாடைக்காலம், வடக்கேயிருந்து தெற்கே நீரோட்டம் இழுத்துக்கொண்டு ஓடியது. முன்னால் போன இழுவைப் படகில் உள்ளூர்க்காரர் ஒருவர் நின்றார். லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு. கையில் போன் இருந்தது, ஆனால் அவர் அதைப் பார்க்கவில்லை. தூணின் அடியில் தண்ணீர் எப்படிச் சுழிக்கிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையை உயர்த்திக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். சுழிப்பு தணிந்ததும் கையை இறக்கினார். மிதவை நேராக நடுவில் நுழைந்து மறுபக்கம் போனது. எங்கள் பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"அவரு எதைப் பாத்து மாமா கையக் காட்டுனாரு?" என்று பையன் கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏறிய பிறகும் அதையே கேட்டுக்கொண்டு வந்தான். 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்துவிட்டது, நடுப்பகுதி மோட்டாரில் நேர் மேலே எழும்புகிறது. அடியில் தண்ணீர் அதே தண்ணீர்தான்.

கப்பல் கல்லூரிகளிலும் பெரிய திரை உண்டு. கப்பலைச் செலுத்தும் அறையை அப்படியே செய்து வைத்து, சுற்றிலும் கடலைக் காட்டும் சிமுலேட்டர். அங்கே ஆசிரியரின் வேலை மாணவனுக்குச் சுலபமாக்குவது இல்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது எஞ்சினை நிறுத்துவார், ரேடாரை அணைப்பார், ஜிபிஎஸ்ஸில் பொய் இடத்தைக் காட்டுவார். மாணவன் அதை எத்தனை நேரத்தில் கண்டுபிடிக்கிறான் என்று பார்ப்பார். திரையைச் சந்தேகப்படத் திரையாலேயே கற்றுக்கொடுக்கிறார்கள். பையன் போகப் போவது அந்த மாதிரி ஒரு அறைக்கு.

அக்காவிடம் இதையெல்லாம் நேற்று ராத்திரி சொன்னேன். கடைசிவரை கேட்டாள். பையன் உயரத்துக்குப் பயப்படுவானே, அந்தக் கயிற்று ஏணியில் ஏறுவானா என்று ஒன்று மட்டும் கேட்டாள். இந்திய கடல்சார் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வுக்குக் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் வேண்டும். அவன் மூன்றிலும் தேறிவிடுவான். திங்கட்கிழமை அவனோடு கோவில்பட்டிக்குப் போய்க் கண் பரிசோதனை செய்துகொண்டு வருகிறேன். நிறம் பிரித்துப் பார்க்கிற பரிசோதனைதான் இந்த வேலைக்கு முதலில் வேண்டியது.